முத்திரை விழுந்த குழாய்

வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரம் என்று ஓர் ஊர். மேற்கே மலை, சுற்றிலும் வயல். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் பஸ் நம்பர் சொல்வார்கள். அந்தப் பெயரை மெதுவாக ஒருமுறை சொல்லிப் பாருங்கள். உள்ளே ‘கான் சாகிப்’ ஒளிந்திருப்பது காதில் விழும். பனையூரில் மருதநாயகமாகப் பிறந்து, யூசுப் கானாக மாறி, கும்பெனிக்காகப் போரிட்டு, கடைசியில் கும்பெனியையே எதிர்த்து மதுரைக் கோட்டைக்குள் நின்ற அதே கான் சாகிப்!

1763-லும் 1764-லும் நவாப் படையும் கும்பெனிப் படையும் மதுரையை முற்றுகையிட்டு, பீரங்கியால் கோட்டையைத் துளைத்துப் பார்த்தன. கோட்டை அசையவில்லை. கூட இருந்தவர்களே காட்டிக்கொடுத்துத்தான் கான் சாகிப் பிடிபட்டார். 1764 அக்டோபர் 15-ல் தூக்கில் போட்டார்கள். அவர் கதை பெரிய கதை, இன்னொரு நாள் பார்க்கலாம். இப்போது நமக்கு வேண்டியது கோட்டைக்கு வெளியே நின்ற அந்தப் பீரங்கி.

பீரங்கி என்பது என்ன? ஒரு பக்கம் அடைத்த குழாய். உள்ளே நெருப்பும் அழுத்தமும். அது முன்பக்கமாக வெடித்தால் எதிரிக்கு ஆபத்து. பக்கவாட்டில் வெடித்தால் நமக்கு ஆபத்து. அவ்வளவுதான் விஷயம்.

தஞ்சாவூர் போகிறவர்கள் பெரிய கோயிலோடு திரும்பிவிடாமல், கீழவாசல் பக்கம் பீரங்கி மேட்டையும் பார்த்துவிட்டு வாருங்கள். ரகுநாத நாயக்கர் காலத்தியது என்று சொல்லப்படும் பீரங்கி அங்கே படுத்திருக்கிறது. சுமார் 26 அடி நீளம், 22 டன் எடை. இது அச்சில் உருக்கி வார்த்தது அல்ல. நீளமான இரும்புப் பட்டைகளை வட்டமாக நிறுத்தி, பழுக்கக் காய்ச்சிய இரும்பு வளையங்களை மேலே மாட்டி, சம்மட்டியால் அடித்து அடித்து ஒன்றோடொன்று ஒட்டவைத்துச் செய்தது. இன்றைய பாஷையில் சொன்னால் வெல்டிங். கரன்ட் இல்லாத காலத்து வெல்டிங்! நானூறு வருஷ வெயிலிலும் மழையிலும் கிடந்தும் அந்த இரும்பு இன்னும் கம்பீரமாகத்தான் இருக்கிறது.

செய்த கொல்லர்களை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஆனால், ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. உள்ளே எங்கோ ஓர் இடத்தில் இரும்பும் இரும்பும் சரியாக ஒட்டாமல் போயிருந்தால், வெளியே இருந்து பார்க்கிற ஆளுக்கு அது எப்படித் தெரியும்?

தெரியாது. 1460-ல் ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸுக்கும் தெரியவில்லை. பீரங்கிப் பிரியர் அவர். ராக்ஸ்பரோ கோட்டை முற்றுகையில் தன் பீரங்கி சுடுவதைப் பக்கத்திலேயே நின்று ரசித்துக்கொண்டிருந்தார். குழாய் பிளந்தது. ராஜா காலி. எதிரி ஒரு குண்டுகூடச் செலவழிக்கவில்லை.

இப்படிச் செத்தவர்களில் ராஜா என்பதால் ஜேம்ஸ் பெயர் வரலாற்றில் நின்றது. பெயர் தெரியாத சிப்பாய்கள் எத்தனை பேரோ! கடைசியில் மனிதன் ஒரு வழி கண்டுபிடித்தான். துப்பாக்கிக் குழாயைச் செய்து முடித்ததும், வழக்கமாகப் போடுவதைவிட அதிகமாக மருந்தைத் திணித்து ஒரு முறை சுடுவது. பிளக்கிற குழாய் அங்கேயே பிளந்து போகட்டும். பிழைத்த குழாய் மீது ஒரு முத்திரை குத்துவது. லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கம் 1637-ல் அரச பட்டயம் வாங்கி இந்த வேலையை முறைப்படுத்தியது. 1813-ல் பர்மிங்ஹாமிலும் ஒரு சோதனைச் சாலை வந்தது. முத்திரை இல்லாத குழாயை விற்பது குற்றம் என்று சட்டமும் வந்தது.

இதில் இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, வேலைச் சுமையைவிட அதிகமான சுமையில் சோதிப்பது. இரண்டு, செய்தவனே ‘நன்றாக இருக்கிறது’ என்று சொன்னால் போதாது, அவன் பட்டறைக்கு வெளியே இன்னொருத்தர் பார்த்து முத்திரை குத்தவேண்டும் என்பது. தரக்கட்டுப்பாடு என்று இன்று தடித்தடியான புத்தகங்களாக அடுக்கி வைத்திருக்கிறோமே, அத்தனையின் கருவும் இந்த இரண்டுக்குள் இருக்கிறது.

பீரங்கிக்குப் பிறகு நீராவி வந்தது. கொதிகலனும் ஒருவகைப் பீரங்கிதான். ஒரே வித்தியாசம், பீரங்கி ஒரு நொடி சுட்டு ஓயும். கொதிகலன் நாள் முழுக்க, வருஷம் முழுக்க அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கவேண்டும்.

1865 ஏப்ரல். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த நேரம். சிறையிலிருந்து விடுபட்ட வீரர்களை ஊருக்குக் கொண்டுபோக மிசிசிப்பி ஆற்றில் ‘சுல்தானா’ என்ற நீராவிக் கப்பல் தயாராக நின்றது. ஆளுக்கு இவ்வளவு என்று அரசாங்கம் பணம் தரும். கொதிகலனில் ஒரு இடம் புடைத்துக் கசிந்தது. பழுது பார்க்க வந்த மெக்கானிக், ‘தகட்டையே மாற்றவேண்டும்’ என்றார். மாற்றினால் நாட்கள் போகும், சவாரி வேறு கப்பலுக்குப் போய்விடும். கேப்டனுக்கு அவசரம். பழைய தகட்டைவிட மெல்லிய தகட்டை வைத்து ஒரு ஒட்டுப் போட்டார்கள். 376 பேருக்கு அனுமதியுள்ள கப்பலில் இரண்டாயிரத்துக்கும் அதிகமானவர்கள் ஏறினார்கள். ஏப்ரல் 27 அதிகாலை, மெம்பிஸ் ஊர் தாண்டியதும் கொதிகலன்கள் வெடித்தன. ஆயிரத்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஒட்டுப் போட்ட இடம்தான் விட்டதா என்பதில் இன்றுவரை வாதம் உண்டு. ஆனால், ஒரு விஷயத்தில் வாதமே இல்லை. ‘இது சரியில்லை’ என்று தெரிந்த ஆள் அங்கே இருந்தார். ‘நிறுத்து’ என்று சொல்லும் அதிகாரம்தான் அவர் கையில் இல்லை.

நம் ஊர்க் கதை என்ன? 1863-ல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்துப் பல உயிர்கள் போயின. அடுத்த வருஷமே வங்காளத்தில் கொதிகலன்களைச் சோதிக்கச் சட்டம் போட்டார்கள். பிறகு மாகாணத்துக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு விதி என்று குழப்பம். அதையெல்லாம் ஒன்றாக்கி 1923-ல் இந்தியக் கொதிகலன் சட்டம் வந்தது. 1950-ல் ‘ஐ.பி.ஆர்.’ என்று எல்லா வெல்டருக்கும் தெரிந்த விதிமுறைகள் வந்தன. அமெரிக்காவில் இதற்கு இன்னொரு சாவு தேவைப்பட்டது. 1905-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் பிராக்டனில் ஒரு ஷூ தொழிற்சாலையின் கொதிகலன் வெடித்து 58 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே மாநிலச் சட்டமும், அதன் தொடர்ச்சியாக 1914-ம் வருஷத்து ‘ஏ.எஸ்.எம்.இ.’ கொதிகலன் விதித்தொகுப்பும். விதிப் புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளவேண்டும். சும்மா பொழுது போகாமல் யாரும் அதில் ஒரு வரி எழுதவில்லை.

இந்தக் கதை தமிழ்நாட்டுக்குள் பெரிய அளவில் நுழைந்த இடம் திருவெறும்பூர். செக்கோஸ்லோவாகியா உதவியோடு உருவான திருச்சி பெல் கொதிகலன் ஆலை 1965-ல் தொடங்கியது. அனல் மின்நிலையக் கொதிகலன் என்றால் பானை மாதிரி ஒரு பாத்திரம் என்று நினைக்கவேண்டாம். அது பல நூறு கிலோமீட்டர் நீளமுள்ள குழாய்க் காடு. குழாயோடு குழாய் சேரும் ஜாயின்ட்கள் பல்லாயிரம். அதில் ஒன்று விட்டால்கூட யூனிட்டை நிறுத்தவேண்டும், அன்றைய மின்சாரம் போச்சு. பக்கத்தில் ஆள் நின்றால் ஆளும் போச்சு. அதனால்தான் 1975-ல் அதே வளாகத்தில் வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் வந்தது. திருச்சி, துவாக்குடி வட்டாரத்தில் பையன்கள் ‘ஹெச்.பி. வெல்டர்’ ஆவதைக் கவுரவமாக நினைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

அந்தக் கவுரவம் சும்மா கிடைக்காது. ‘சிக்ஸ் ஜி’ என்று ஒரு பரீட்சை. குழாயை 45 டிகிரி சாய்த்து, அசையாமல் இறுக்கிவிடுவார்கள். குழாய் திரும்பாது, நீதான் சுற்றிச் சுற்றிப் பற்றவைக்கவேண்டும். மேலே ஒரு மாதிரி, பக்கத்தில் ஒரு மாதிரி, அடியில் தலைக்கு மேல் கை தூக்கி ஒரு மாதிரி. உருகிய இரும்பு எப்போதும் கீழே வழியத்தான் பார்க்கும். முடித்ததும் எக்ஸ்ரே எடுப்பார்கள், அல்லது வெட்டி வளைத்துப் பார்ப்பார்கள். தேறியவருக்குத்தான் அந்த வேலை. தேறியும் ஆறு மாதம் அந்த முறையில் பற்றவைக்காமல் இருந்தால், ஏ.எஸ்.எம்.இ. கணக்குப்படி மறுபடி நிரூபிக்கவேண்டும். பட்டம் வாங்கி ஃப்ரேம் போட்டு மாட்டிவிட்டுச் சும்மா இருக்கும் வேலை இல்லை இது.

சரி, மனிதன் சுற்றுவதற்குப் பதில் மெஷினே குழாயைச் சுற்றி வந்தால்?

இந்த யோசனை பிறந்தது ஆகாய விமானக் கம்பெனியில். 1941-ல் அமெரிக்காவின் நார்த்ராப் கம்பெனியில் ரஸல் மெரிடித் என்பவர் மக்னீசியத்தைப் பற்றவைக்க ஒரு வழி தேடினார். உருகும் சூட்டில் மக்னீசியம் காற்று பட்டால் தீப்பிடிக்கும் சமாசாரம். டங்ஸ்டன் ஊசியிலிருந்து தீப்பொறி, சுற்றிலும் காற்று அண்டாமல் ஹீலியம் வாயு. இன்று நாம் ‘ஆர்கான் வெல்டிங்’ என்று சொல்வதன் மூதாதை இதுதான். அடுத்து 1960 வாக்கில் நார்த் அமெரிக்கன் ஏவியேஷனில் எக்ஸ்-15 என்ற ராக்கெட் விமானத்தின் குழாய் இணைப்புகள் கசிந்து தொல்லை கொடுத்தன. ராட் ரோர்பெர்க் என்ற இன்ஜினீயர், குழாயைக் கவ்விப்பிடித்து, தீப்பொறியை மட்டும் அதைச் சுற்றி வரச்செய்யும் கருவியை உருவாக்கினார். கிரகம் சூரியனைச் சுற்றுகிற மாதிரி சுற்றுவதால் ‘ஆர்பிட்டல் வெல்டிங்’. இனி கை நடுங்காது, வேர்வை கண்ணில் விழாது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் வராது.

அப்படியானால் சோதிக்கிற ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடலாமா?

அதே சமயத்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். இது மெஷின் வெல்டிங்கே அல்ல, வெள்ளி கலந்த உலோகத்தால் பற்றாசு வைத்த ஜாயின்ட். ஆனால் பாடம் ஒன்றுதான். அமெரிக்கக் கடற்படையின் ‘த்ரெஷர்’ நீர்மூழ்கிக் கப்பலில் இப்படிப்பட்ட குழாய் இணைப்புகள் சுமார் 3,000 இருந்தன. பழுதுபார்ப்புக்கு வந்தபோது 145 இணைப்புகளை அல்ட்ராசோனிக் முறையில் சோதித்தார்கள். சுமார் 14 சதவிகிதம் தரத்துக்குக் கீழே! ஏழில் ஒன்று! சோதித்தவற்றிலேயே இப்படியென்றால் சோதிக்காத மிச்சத்தில் எத்தனை இருக்கும் என்பது ஸ்கூல் பையன் போடும் கணக்கு. கணக்குப் போட்டவர்கள் யாரும் கப்பலை நிறுத்தவில்லை. 1963 ஏப்ரல் 10-ல் 129 பேரோடு அது அட்லான்டிக்கின் அடியில் போய்ச் சேர்ந்தது. கடல்நீர்க் குழாய் இணைப்பு ஒன்று விட்டிருக்கக்கூடும் என்று விசாரணை மன்றம் கருதியது. வேறு காரணம் சொல்பவர்களும் உண்டு. எப்படியோ, அதன் பிறகு ‘சப்சேஃப்’ என்று ஒரு கடுமையான சோதனைத் திட்டம் வந்தது. ஒவ்வொரு இணைப்புக்கும் எழுத்தில் சாட்சி இல்லாமல் கப்பல் மூழ்கக்கூடாது என்பது அதன் சாரம்.

ஆர்பிட்டல் மெஷின் விஷயத்துக்கு வருவோம். மெஷின் ஒரு நல்ல வேலைக்காரன். ஆனால், கேள்வி கேட்காத வேலைக்காரன். காலையில் செட்டிங்கில் ஒரு தப்பு இருந்தால், சாயங்காலம் வரை அதே தப்பைத் துளிகூட மாறாமல், அச்சடித்த மாதிரி செய்துகொண்டே இருப்பான். மனித வெல்டர் ஒரு ஜாயின்ட்டில் சறுக்கினால் அடுத்ததில் சுதாரித்துக்கொள்வார்.

அதனால் சோதனை, பற்றவைப்பதற்கு முன்பே தொடங்குகிறது. குழாய் முனை நேராக வெட்டுப்பட்டிருக்கிறதா? பிசிறு எடுத்தாயிற்றா? கைரேகை எண்ணெய்கூட ஒட்டாமல் துடைத்தாயிற்றா? குழாய்க்குள் ஆர்கான் ஓடுகிறதா, உள்ளே எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம்? எல்லாம் சரி என்றால் முதலில் ஒரு துண்டுக் குழாயில் மாதிரி ஜாயின்ட் போட்டு, அதைப் பிளந்து உள்பக்கம் பார்க்கவேண்டும். இதற்கு ‘கூப்பன்’ என்று பெயர். ஷிஃப்ட் மாறினால், டங்ஸ்டன் ஊசியை மாற்றினால், கரன்ட் போய் வந்தால் மறுபடி கூப்பன்.

உள்பக்கத்தின் நிறம் ஜாதகம் மாதிரி. வெள்ளி போல இருந்தால் உள்ளே வாயு சுத்தம். வைக்கோல் நிறமோ, நீலமோ, கறுப்போ வர வர ஆக்சிஜன் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு ஆக்சிஜனுக்கு எந்த நிறம் என்பதற்கு அமெரிக்க வெல்டிங் சங்கம் ஒரு வண்ண அட்டையே போட்டிருக்கிறது. நிறம் மாறினால் என்ன, ஜாயின்ட் உறுதியாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். உறுதி வேறு, சுத்தம் வேறு. நிறம் மாறிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் துரு சீக்கிரம் பிடிக்கும். சொரசொரப்பில் கிருமி குடித்தனம் நடத்தும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அடுப்புக்கு இந்தக் கவலை கிடையாது, வாணலியைத் தேய்த்துக் கழுவிவிடலாம். ஆனால் பெரிய பால் பண்ணையிலும் ஊசிமருந்துத் தொழிற்சாலையிலும் குழாய்க்குள் கை விட்டுத் தேய்க்க முடியுமா? அந்த ஆலைகளுக்கென்று 1997-ல் ஏ.எஸ்.எம்.இ. தனியாக ஒரு விதித்தொகுப்பு வெளியிட்டது. ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் எண், வரைபடத்தில் அதன் இடம், பற்றவைத்தவர் யார், குழாய் எந்த உலையில் உருகியது, எல்லாம் பதிவாகவேண்டும். குறைந்தபட்சம் ஐந்தில் ஒன்றையாவது, டாக்டர் எண்டோஸ்கோப்பி பார்க்கிற மாதிரி, உள்ளே கேமரா விட்டுப் பார்க்கவேண்டும்.

எந்த உலை என்பது எதற்கு? ஸ்டீலில் இருக்கும் துளியூண்டு கந்தகத்துக்காக. ஒரு குழாயில் கந்தகம் ரொம்பக் குறைவு, இன்னொன்றில் கொஞ்சம் அதிகம் என்றால், உருகிய உலோகம் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். அதே மெஷின், அதே செட்டிங், ஆனால் ஜாயின்ட்டின் ஒரு ஓரம் ஒட்டவே ஒட்டாது. வெளியே இருந்து பார்த்தால் அழகோ அழகு! அதனால் கந்தகம் 0.005 முதல் 0.017 சதவிகிதத்துக்குள் இருக்கவேண்டும் என்று ஒரு வரி. யாரோ தலையில் கை வைத்து உட்கார்ந்த பிறகு எழுதிய வரி.

இதன் உச்சம் கல்பாக்கம். அங்கே பாவினி கட்டிய 500 மெகாவாட் அதிவேக ஈனுலையில் வெப்பத்தைச் சுமப்பது உருகிய சோடியம். நீராவி ஆக்கியில் குழாய்க்கு உள்ளே தண்ணீர், வெளியே சோடியம். இரண்டும் சந்திக்கவே கூடாத ஜென்ம விரோதிகள். ஓர் ஆக்கியில் 23 மீட்டர் நீளக் குழாய்கள் 547. ஒவ்வொன்றின் இரு முனையிலும் ஒரு ஜாயின்ட். இப்படி எட்டு ஆக்கிகள். கூட்டிப் பாருங்கள், 8,752 ஜாயின்ட்கள். குழாய்க்குள் ஊசியை நுழைத்து உள்ளிருந்தே சுற்றிப் பற்றவைக்கும் முறை. அந்தக் குறுகலான துவாரத்துக்குள்ளேயே எக்ஸ்ரே எடுக்க, குச்சி போன்ற ஒரு தனிக் கருவி. பிறகு ஹீலியம் கசிகிறதா என்ற சோதனை.

இவ்வளவு பயம் எதற்கு? ஸ்காட்லாந்தின் டூன்ரே ஈனுலையில் 1974 முதல் பத்து வருஷத்துக்கு இதே மாதிரி ஜாயின்ட்கள் மாறி மாறிக் கசிந்தன. பற்றவைத்த பிறகு சூடேற்றி ஆறவைத்து உலோகத்தின் விறைப்பை எடுக்கவேண்டும். அந்த வெப்பச் சிகிச்சை அங்கே செய்யப்படவில்லை. விறைத்த ஜாயின்ட்களில் மெல்ல மெல்ல வெடிப்பு விழுந்தது. பற்றவைத்ததோடு வேலை முடிந்தது என்று யாரோ நினைத்ததன் விலை, பத்து வருஷ அவஸ்தை.

எல்லா விபத்துக்கும் வெல்டிங்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. 2020-ல் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் மே 7, ஜூலை 1 என்று இரண்டு மாதத்துக்குள் இரண்டு முறை கொதிகலன் பகுதியில் விபத்து நடந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். கொதிகலன் என்பது பழங்கதை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். 2025-ல் நாடாளுமன்றம் நூறு வருஷப் பழைய சட்டத்தை எடுத்துவிட்டுப் புதிய கொதிகலன் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன்பே 2007-ல், அரசு இன்ஸ்பெக்டர் மட்டுமல்லாமல், அங்கீகாரம் பெற்ற வெளியாரும் சோதிக்கலாம் என்று வழி திறந்தார்கள். ஆலைகள் பெருகிவிட்டன, இன்ஸ்பெக்டர்கள் பற்றவில்லை என்பது நியாயமான காரணம்தான்.

ஆனால் லண்டன் துப்பாக்கிக்காரர்கள் முதல் நாளே புரிந்துகொண்ட விஷயத்தைச் சட்டம் எத்தனை முறை மாறினாலும் மறக்கக்கூடாது. சோதிக்கிற ஆளுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்? ‘வண்டி வந்து நிக்குது சார், கையெழுத்துப் போடுங்க, நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்று சொல்லும்போது, முடியாது என்று சொன்னால் அவருக்கு அடுத்த மாதமும் வேலை இருக்குமா? சுல்தானாவின் மெக்கானிக்குக்குத் தகட்டைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது. மெஷின், எக்ஸ்ரே, கேமரா எல்லாம் அந்த அறிவைத்தான் கூர்மையாக்குகின்றன. ‘முடியாது’ என்ற சொல்லைச் சொல்லும் தெம்பை எந்த மெஷினும் தருவதில்லை. அதைச் சட்டமும் சங்கமும் நிர்வாகமும்தான் தரவேண்டும்.

இன்று ராத்திரி சாதம் வைத்த பிறகு குக்கரைத் திருப்பிப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை, பக்கத்தில் ஐ.எஸ். 2347 என்று ஓர் எண். அந்தச் சின்னக் கொதிகலனை உங்களுக்குத் தெரியாத யாரோ, உங்களுக்காக, விதியில் சொன்ன அழுத்தத்தில் வைத்துப் பார்த்திருக்கவேண்டும் என்று அர்த்தம். முத்திரை இல்லாமல் விலை குறைவாகக் கிடைக்கிறது என்று யாராவது கொண்டுவந்தால், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.